700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: பழைய செவர்லே பிக்கப்பில் பழுதறிதல்

700ஆர்4 என்பது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1982 மாடல் முதல் தன் கார்களிலும், செவர்லே, ஜிஎம்சி பிக்கப் வண்டிகளிலும் பொருத்திய நான்கு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 1990இல் 4எல்60 எனப் பெயர் மாறியது. முன்னோக்கிய கியர்களின் விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70. கியர் மாற்றும் வேலை முழுவதும் ஆயில் அழுத்தத்தாலேயே நடக்கிறது. கம்ப்யூட்டருக்கு அதில் பங்கில்லை. ஆகவே ஒரு கேஜ், ஒரு ஸ்பேனர், வெள்ளைத் துணி ஆகியவற்றைக் கொண்டே இதன் பழுதுகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். பெட்டியை இறக்குவது கடைசி வேலை.

இதன் மூதாதை ஹைட்ராமேட்டிக். கியர்கள் உரசாமல் மாற உதவும் சின்க்ரோமெஷ் அமைப்பை 1928இல் கேடிலாக் கார்களுக்குக் கொண்டுவந்த ஏர்ல் தாம்ப்சனே, பின்னர் கிளட்ச் மிதியே தேவைப்படாத கியர்பாக்ஸை உருவாக்கிய குழுவுக்கும் தலைமை ஏற்றார். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் அது விற்பனைக்கு வந்தது. எஞ்சினுக்கும் கியர்களுக்கும் நடுவே ஆயில் நிரம்பிய இணைப்பு, அதன் பின்னால் கோள் கியர்கள், நான்கு முன்னோக்கிய வேகங்கள் என்பது அதன் அமைப்பு. இரண்டாம் உலகப் போரில் எம்5 ஸ்டூவர்ட், எம்24 சாஃபி இலகு டாங்கிகளிலும் இது ஓடியது. டாங்கியிலேயே தாக்குப்பிடித்த கியர்பாக்ஸ் என்ற பெயர் போருக்குப் பிந்திய விற்பனைக்குக் கைகொடுத்தது. ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனமும் 1950களில் இதையே உரிமம் பெற்றுப் பயன்படுத்தியது.

1953 ஆகஸ்ட் 12 அன்று மிச்சிகன் மாநிலம் லிவோனியாவில் இருந்த ஹைட்ராமேட்டிக் ஆலை தீக்கிரையானது. அமெரிக்கத் தொழில்துறை அதுவரை கண்டிராத பெரும் தீ விபத்து அது. உற்பத்தி வில்லோ ரன் ஆலைக்கு மாறியது. போர்க்காலத்தில் ஃபோர்டு நிறுவனம் பி-24 குண்டுவீச்சு விமானங்களைக் கட்டிய அதே இடம். 1954இல் செவர்லே லாரி, பிக்கப் வண்டிகளுக்கும் ஹைட்ராமேட்டிக் வந்தது. கார்களுக்கோ செவர்லே 1950 முதலே இரண்டு வேக பவர்கிளைடைக் கொடுத்துவந்தது. பிறகு 1964இல் டர்போ-ஹைட்ராமேட்டிக் 400, 1969இல் 350 என மூன்று வேகப் பெட்டிகள் பிக்கப்களை ஆண்டன. 1973 எண்ணெய் நெருக்கடியும், 1975இல் வந்த எரிபொருள் சிக்கனச் சட்டமும்தான் நான்காவது கியரைக் கேட்டன. 700ஆர்4 அந்தத் தேவையின் பிள்ளை.

தொடக்க ஆண்டுகளில் இதற்குக் கெட்ட பெயர் வந்தது. உள்தண்டின் பற்களை 27இலிருந்து 30 ஆக்கினார்கள். பம்பும் வால்வ் பாடியும் திருத்தப்பட்டன. ஆனாலும் உண்மையான குற்றவாளி டிவி கேபிள் எனப்படும் திராட்டில் வால்வ் கேபிள்தான். பழைய 350 பெட்டியில் இருந்த கேபிள், முந்திச் செல்லும்போது கீழ்க்கியருக்கு இறக்க மட்டுமே உதவியது. 700ஆர்4இல் கேபிளே உள் ஆயில் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. பழைய பழக்கத்தில் கேபிளைத் தளர்வாக விட்டு ஓட்டியவர்களின் வண்டியில், அழுத்தம் போதாமல் மூன்றாம்-நான்காம் கியர் கிளட்ச் பிளேட்டுகள் கருகின. கார்புரேட்டரை வேறு மாற்றிக்கொண்ட வண்டிகளில் கேபிளின் இழுப்புக் கோணமே தவறிப்போனது.

முதலில் வண்டியில் இருப்பது எந்தப் பெட்டி என்று உறுதி செய்ய வேண்டும். ஆயில் பேனில் 16 போல்ட் இருந்தால் 700ஆர்4 குடும்பம். 13 என்றால் 350 அல்லது 400. அடுத்தது ஆயில். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சூடான எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பார்க் நிலையில் டிப் ஸ்டிக்கை இழுத்து வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வைக்க வேண்டும். சிவப்பாகப் பரவினால் நலம். பழுப்பேறிக் கருகிய வாடை அடித்தால் பிளேட்டுகள் எரிந்துள்ளன. வெளிறிய ரோஜா நிறத்தில் பால்போல் இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டக்கூடாது. வளைவில் திரும்பும்போது இழுவை விட்டு விட்டு வந்தால் ஆயில் குறைவு. பழைய பெட்டியில் ஆயில் மாற்றினால் கியர் வழுக்கும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. வழுக்கும் பிளேட் முன்பே தேய்ந்ததுதான். பேனைக் கழற்றினால் ஏறத்தாழ 5 லிட்டர் வடியும், மீதி எஞ்சினுக்கும் கியர்களுக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டரில் தங்கும்.

கேபிளைச் சரிசெய்ய எஞ்சினை நிறுத்த வேண்டும். கேபிள் முனையில் இருக்கும் சிறு பொத்தானை அழுத்தி, சறுக்கியைத் திராட்டிலிலிருந்து விலகிப் பின்னோக்கித் தள்ளி, பொத்தானை விட்டுவிட வேண்டும். பிறகு திராட்டில் நெம்புகோலைக் கையால் முழுவதும் திறந்தால் சறுக்கி டக் டக்கென்று முன்னே நகர்ந்து தானாக இடம் பிடிக்கும்.

அடுத்து, எந்தக் கியர் இல்லை என்பதைக் கேட்க வேண்டும். முதலும் இரண்டாவதும் ரிவர்ஸும் நன்றாக இருந்து, மூன்றாவதுக்கு மாறும்போது எஞ்சின் வெறுமனே சீறினால் 3-4 கிளட்ச். இரண்டு, நான்கு, ரிவர்ஸ் மூன்றும் ஒன்றாகப் போனால் சன் ஷெல் உடைந்துள்ளது. டிரைவ் நிலையில் நகராத வண்டி, லீவரைக் கீழ்நிலைக்கு இறக்கியதும் நகர்ந்தால் முன்னோக்கிய ஒருவழிக் கிளட்சான ஸ்பிராக். இந்த மூன்றுக்கும் பெட்டி இறங்கியே ஆக வேண்டும். ஆனால் முதல் கியரிலேயே நின்று மேலே ஏற மறுத்தால் இறக்க வேண்டாம்: வண்டியின் வேகத்துக்கேற்பக் கியரை ஏற்றவைக்கும் கவர்னரின் பிளாஸ்டிக் கியர் தேய்ந்திருக்கலாம். ஓட்டுநர் பக்கம் பெட்டியின் பின்பகுதியில் வட்டத் தகர மூடியைக் கழற்றினால் அது கைக்கு வந்துவிடும்.

சிக்னலில் நிற்கும்போதெல்லாம் எஞ்சின் அணைந்தால் டார்க் கன்வெர்ட்டரை எஞ்சினோடு நேராகப் பூட்டும் லாக்கப் விடுபடவில்லை. பெட்டியின் இடப்பக்க மின்இணைப்பைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். அணைவது நின்றால் கோளாறு மின்பக்கம். லாக்கப் வேலைசெய்கிறதா என்பதை நெடுஞ்சாலையில், பிரேக் மிதியைச் சுவிட்ச் அசையும் அளவுக்கு மட்டும் தொட்டுப் பார்த்தால் எஞ்சின் சுழற்சி சற்று உயர்வதைக் கொண்டு அறியலாம்.

இன்று புதுப்பித்த பெட்டிகளும் உதிரிகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. பிக்கப்களில் 1993 முதல் வந்த 4எல்60-இ பெட்டியில் டிவி கேபிளும் கவர்னரும் கிடையாது. அந்த வண்டி வைத்திருப்போர் இவற்றைத் தேடிப் பொழுதைக் கழிக்காமல், கம்ப்யூட்டர் காட்டும் பழுதுக் குறியீடுகளை முதலில் படிக்கவும்.