எடைமேடையில் ஒரு கார், சாலையில் இன்னொரு கார்

1972 அக்டோபரில், பாரிஸ் கார் கண்காட்சியில் போர்ஷே தன் புதிய '911 கரேரா ஆர்எஸ் 2.7'ஐ வைத்தது. பந்தயத்தில் அதை அனுமதிக்க வேண்டுமென்றால் குறைந்தது 500 கார்கள் செய்தாக வேண்டும். விதி அப்படி. அத்தனையையும் யார் தலையில் கட்டுவது என்று விற்பனைப் பிரிவுக்கே கவலை.

வாங்க வந்தவருக்கு முக்கியமாக இரண்டு வழி. ஒன்று 'ஸ்போர்ட்': பின்னிருக்கை இல்லை, கடிகாரம் இல்லை, கதவை இழுத்துச் சாத்த ஒரு வார் மட்டும். எடை சுமார் 960 கிலோ. இன்னொன்று 'டூரிங்': அதே 210 குதிரைத்திறன், ஆனால் சாதாரண 911இன் சௌகரியங்கள் எல்லாம் உண்டு. நூறு கிலோவுக்கு மேல் கூடுதல்.

எடைக் கணக்குக்காகக் கார்களை முதலில் மொட்டையாகவே எடைமேடையில் ஏற்றினார்கள். பிறகு தொழிற்சாலைக்குத் திரும்பக் கொண்டுபோய் இருக்கையும் கம்பளமும் மாட்டினார்கள். விதிக்கு ஒரு கார், வாங்கியவருக்கு இன்னொன்று!

மொத்தம் செய்தது 1,580. அதில் ஸ்போர்ட் வெறும் 200, டூரிங் 1,308.

இன்றைக்கு ஏலத்தில் ஸ்போர்ட்டுக்குத்தான் மவுசு. அதுதான் 'அசல்', டூரிங் சமரசம் என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. கணக்கு வேறு கதை சொல்கிறது. 200 பேரை நம்பி 500ஐத் தொட்டிருக்கவே முடியாது. மழையிலும் நெரிசலிலும் ஓட்ட ஒரு கார் கேட்டவர்கள்தான் அந்த எண்ணை நிரப்பினார்கள். இதே குடும்பத்து ஆர்எஸ்ஆர் 1973இல் டேடோனாவிலும் தார்கா ஃப்ளோரியோவிலும் ஜெயித்தது. கோப்பையில் அவர்கள் பெயர் இல்லை, அவ்வளவுதான்.