1,014-ல் தொடங்கிய கதை: ஒமேகாவும் லிமிடெட் எடிஷன் வெள்ளமும்

1969 நவம்பர் 25. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒரு விருந்து. அப்பல்லோ விண்வெளி வீரர்களைக் கௌரவிப்பதற்காக ஸ்விட்சர்லாந்தின் ஒமேகா நிறுவனம் ஏற்பாடு செய்திருந்தது. வீரர்களுக்குத் தங்கத்தால் செய்த ஸ்பீட்மாஸ்டர் கைக்கடிகாரங்கள் பரிசு. ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை எண். எண் 1 ஜனாதிபதி நிக்சனுக்கு, எண் 2 துணை ஜனாதிபதி ஆக்னியூவுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். பரிசின் மதிப்பு மிக அதிகம், அரசுப் பதவியில் இருப்பவர்கள் வாங்கக் கூடாது என்று இருவருமே ஏற்கவில்லை!

வீரர்களுக்குக் கொடுத்தது போக மற்றவை கடைக்கு வந்தன. 1973 வரை மொத்தம் 1,014 கடிகாரங்கள், அவ்வளவுதான். ஒமேகாவின் முதல் எண்ணிட்ட நினைவுப் பதிப்பு இதுதான் என்று கடிகார ரசிகர்கள் சொல்வார்கள். இன்று வாட்ச் கடைகளில் வாரத்துக்கு ஒன்றாக வந்து விழும் "லிமிடெட் எடிஷன்"களுக்கு இது ஒரு மூத்த அண்ணன்.

அந்த 1,014 எப்படிப் பல்லாயிரமாகப் பெருகியது? அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? பார்க்கலாம் வாருங்கள்.

சரியாக ஒரு மாதம் கழித்து...

அந்த விருந்து நடந்து சரியாக ஒரு மாதம். 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் செய்கோ நிறுவனம் "அஸ்ட்ரான்" என்ற கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உலகில் விற்பனைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் அது. விலை 4,50,000 யென். அந்தக் காலத்தில் ஏறக்குறைய ஒரு டொயோட்டா கொரோலா காரின் விலை! ஆனால் மாதத்துக்கு 5 வினாடிகளுக்கு மேல் தவறாது என்றார்கள். ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் வைத்து ஓடும் சாதாரண ஸ்விஸ் கடிகாரம் ஒரே நாளில் அவ்வளவு வினாடிகள் முன்பின் ஆகிவிடும்.

அடுத்த பத்து ஆண்டுகளில் குவார்ட்ஸின் விலை சரிந்துகொண்டே போனது. துல்லியம் என்பது பத்துக் கடைகளில் ஒன்பதில் கிடைக்கும் மலிவுச் சரக்கு ஆகிவிட்டது. 1970-ல் ஸ்விஸ் கடிகாரத் தொழிலில் சுமார் 90,000 பேர் வேலை பார்த்தார்கள். 1980-களின் நடுவில் மிஞ்சியவர்கள் 30,000-க்குக் கொஞ்சம் அதிகம். சுமார் 1,600 நிறுவனங்களில் ஏறக்குறைய 600-தான் தப்பின. மூன்று பேரில் இருவருக்கு வேலை போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூரா மலையடிவார ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இதே தொழிலைச் செய்துவந்த குடும்பங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

ஒமேகாவும் தப்பவில்லை. அதன் தாய் நிறுவனமான எஸ்.எஸ்.ஐ.எச். கடனில் மூழ்கியது. 1983-ல் வங்கிகளின் ஏற்பாட்டில் அது ஏ.எஸ்.யூ.ஏ.ஜி. என்ற மற்றொரு பெரிய குழுமத்துடன் இணைக்கப்பட்டது. ஆலோசகராக உள்ளே வந்த நிக்கோலஸ் ஹயெக், பிறகு அதற்கே தலைவரானார். இன்றைய ஸ்வாட்ச் குழுமம் அதுதான்.

ஸ்வாட்ச் கற்றுக்கொடுத்த பாடம்

அதே 1983-ல், மார்ச் 1 அன்று, ஸ்வாட்ச் என்ற பிளாஸ்டிக் கடிகாரம் அறிமுகமானது. உள்ளே மொத்தம் 51 பாகங்கள்தான். செலவு குறைவு, விலையும் குறைவு. வியாபாரத்தில் அதன் உண்மையான புதுமை வேறு இடத்தில் இருந்தது. உள்ளே இருக்கும் இயந்திரம் ஒன்றே. முகப்பின் நிறமும் பட்டையின் படமும் மட்டும் சீசனுக்கு சீசன் மாறும். ஜவுளிக்கடையில் புது டிசைன் வருவது மாதிரி கடிகாரத்திலும் புது டிசைன். ஒரு வாட்ச் போதும் என்றிருந்த மக்கள் ஐந்து, பத்து என்று வாங்கிச் சேர்க்க ஆரம்பித்தார்கள். 1990-ல் சேகரிப்பவர்களுக்கென்றே தனி சங்கம் தொடங்கும் அளவுக்கு அது வளர்ந்தது.

இதிலிருந்து தொழில் முழுவதுமே ஒன்றைப் புரிந்துகொண்டது. நேரம் காட்டுவதற்காக இனி யாரும் அதிக விலை கொடுக்கப் போவதில்லை. கதைக்காகக் கொடுப்பார்கள். ஒமேகாவிடம் இருந்ததோ உலகத்திலேயே யாரிடமும் இல்லாத கதை! 1965-ல் நாசா சோதித்துத் தேர்ந்தெடுத்த கடிகாரம், 1969-ல் பஸ் ஆல்ட்ரின் கையில் கட்டிக்கொண்டு நிலவில் நடந்த கடிகாரம்.

ஒரே நிலா, ஏழு பதிப்பு

அந்தக் கதையை ஒமேகா எப்படி விற்றது என்று பாருங்கள். அப்பல்லோ 11 ஆண்டு விழாவுக்காக வெளிவந்த பதிப்புகள் மட்டும் இவை:

1994, 25-ம் ஆண்டு: 2,500
1999, 30-ம் ஆண்டு: 9,999
2004, 35-ம் ஆண்டு: 3,500
2009, 40-ம் ஆண்டு: 7,969
2014, 45-ம் ஆண்டு: 1,969
2019, 50-ம் ஆண்டு (ஸ்டீல்): 6,969
2019, 50-ம் ஆண்டு (தங்கம்): 1,014

கூட்டிப் பாருங்கள்: 33,920! சில ஆண்டுகளில் இவற்றோடு வந்த தங்க, பிளாட்டின வகைகள் இந்தக் கணக்கில் இல்லை. நிலவில் கால் வைத்தவர்கள் மொத்தம் 12 பேர். அவர்களில் இரண்டு பேர் போன ஒரே ஒரு பயணத்துக்கு இத்தனை ஆயிரம் "அரிய" கடிகாரங்கள்.

மற்ற பயணங்களும் உண்டு. அப்பல்லோ 15 நடந்தது 1971-ல், அதனால் 2011-ல் 1,971 கடிகாரங்கள். அப்பல்லோ 17 நடந்தது 1972-ல், அதனால் 2012-ல் 1,972. அப்பல்லோ 13-க்கு 1995-ல் 999, 2003-ல் 5,441, 2015-ல் 1,970. நிலவை விட்டு வந்தால் ஜேம்ஸ் பாண்ட்! சீமாஸ்டர் வகையில் 2002-ல் 10,007, 2006-ல் 5,007, 2008-ல் மறுபடி 10,007, 2012-ல் 5,007, 2015-ல் 7,007.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று கவனித்தீர்களா? ஒரு கைவினைஞரால் இவ்வளவுதான் செய்ய முடியும் என்பதாலோ, மூலப்பொருள் தீர்ந்துவிட்டது என்பதாலோ வந்தவை இல்லை. காலண்டரிலிருந்தும் சினிமாவிலிருந்தும் வந்தவை. 1,971-க்குப் பதில் 2,971 செய்திருந்தாலும் தொழிற்சாலைக்கு ஒரு சிரமமும் இருந்திருக்காது.

உள்ளே என்ன இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1999, 2004, 2009, 2014 என்று நான்கு ஆண்டு விழாப் பதிப்புகளிலும் ஓடியது 1861 என்ற அதே இயந்திரம். அந்த ஆண்டுகளில் கடையில் எப்போதும் கிடைத்த சாதாரண மூன்வாட்ச்சிலும் அதே 1861-தான். ஒன்றில் முகப்பு வெள்ளை, ஒன்றில் சின்னப் பதக்கம், ஒன்றில் டைட்டானியம் உறை. புது இயந்திரம் ஒன்றை உருவாக்கப் பல ஆண்டு உழைப்பும் பெரும் முதலீடும் வேண்டும். முகப்பை மாற்ற அவ்வளவு தேவையில்லை. ஒரு கம்பெனியின் செலவுக் கணக்கைப் பார்க்கிறவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று வணிகவியல் முதலாம் ஆண்டு மாணவரே சொல்லிவிடுவார்.

கோஸ் சொன்ன கணக்கு

ரொனால்ட் கோஸ் என்ற பொருளாதார அறிஞர் 1972-ல் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். (1991-ல் நோபல் பரிசு பெற்றவர்.) அதில் ஒரு கற்பனை. ஒரு நாட்டின் நிலம் முழுவதும் ஒரே ஆளிடம் இருக்கிறது. அவர் கொஞ்சம் நிலத்தை மட்டும் அதிக விலைக்கு விற்கிறார். பிறகு என்ன செய்வார்? மிச்ச நிலம் சும்மா கிடக்கிறதே என்று அதையும் கொஞ்சம் குறைந்த விலைக்கு விற்கப் பார்ப்பார். இது வாங்குகிறவர்களுக்கும் தெரியும். "நாளைக்கு எப்படியும் இன்னும் வரும்" என்று காத்திருப்பார்கள். ஆக, முதல் நாளே அவரால் அதிக விலை சொல்ல முடியாது! சீக்கிரம் கெட்டுப்போகாத பொருளை விற்கும் ஏகபோக வியாபாரிக்கு அவரேதான் நாளைய போட்டியாளர்.

இதற்குக் கோஸ் சொன்ன வழிகளில் ஒன்று, "இதற்கு மேல் விற்க மாட்டேன்" என்று வாங்குகிறவருக்கு ஒப்பந்தமாக எழுதிக் கொடுப்பது. கடிகாரத்தின் பின்பக்கத்தில் பொறிக்கும் 0457/1970 போன்ற எண் ஏறக்குறைய அப்படியொரு ஒப்பந்தம்தான். அதை நம்பித்தான் வாங்குகிறவர் கூடுதல் விலை கொடுக்கிறார்.

ஆனால் அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஓட்டை. இந்த ஒரு வகையில் எத்தனை என்று மட்டுமே அதில் இருக்கிறது. இதைப் போல எத்தனை வகைகள் வரும் என்று எங்கேயும் இல்லை. கடிகாரத்துக்கு வரம்பு உண்டு, பதிப்புகளுக்கு வரம்பு கிடையாது!

இதற்கு நல்ல உதாரணம் ஸ்னூப்பி. அப்பல்லோ 13 வீரர்கள் உயிருடன் திரும்பியதில் பங்களித்ததற்காக 1970-ல் ஒமேகாவுக்கு நாசா வீரர்கள் "வெள்ளி ஸ்னூப்பி" விருது கொடுத்தார்கள். அந்த நினைவில் வந்த 2015-ம் ஆண்டுப் பதிப்பு 1,970 மட்டுமே. கிடைக்காதவர்கள் கடை விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து வாங்கினார்கள். 2020 அக்டோபரில் விருதின் 50-ம் ஆண்டுக்காக இன்னொரு ஸ்னூப்பி வந்தது. இந்தத் தடவை எண்ணிக்கை வரம்பே இல்லை. 2015-ல் கொடுத்த வாக்கை ஒமேகா மீறவில்லை, அந்தக் கடிகாரங்கள் இன்றும் 1,970-தான். ஆனாலும் "இனி ஸ்னூப்பி வராது" என்று நினைத்துப் பணம் கொடுத்தவருக்கு அந்தச் செய்தி இனித்திருக்குமா?

2019-ம் ஆண்டின் தங்கப் பதிப்பும் இப்படித்தான். 1969-ன் தோற்றம், அதே சிவந்த வளையம், அதே 1,014. ஒரு முறை மட்டுமே என்று இருந்த எண்ணே ஐம்பது ஆண்டு கழித்துத் திரும்பி வந்துவிட்டது.

மறுபக்கமும் இருக்கிறது

ஒமேகாவை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஹூப்லோ, பனெராய் உட்படப் பல நிறுவனங்களும் இதே வழியில் போனவைதான். பதிப்புகளால் நன்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2012-ல் இணையத்தில் ரசிகர்கள் தொடங்கிய "ஸ்பீடி ட்யூஸ்டே" என்ற வழக்கத்தை மதித்து, 2017 ஜனவரியில் ஒமேகா 2,012 கடிகாரங்களை இணையத்திலேயே விற்றது. சுமார் நாலேகால் மணி நேரத்தில் அத்தனைக்கும் ஆள் வந்துவிட்டது. ஏமாந்து வாங்கியவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது, விரும்பி வாங்கியவர்கள். ஒரு காலத்தில் 30,000 பேராகச் சுருங்கிய ஸ்விஸ் தொழிலில் 2023-ல் 60,000-க்கு மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். கதையை விற்றதால் வீட்டில் அடுப்பு எரிந்தவர்களும் அதில் உண்டு.

எண் போடாமலேயே தட்டுப்பாட்டை உண்டாக்கலாம் என்பதையும் தொழில் கண்டுகொண்டது. ரோலெக்ஸ் எண்ணிட்ட பதிப்புகளை ஏறக்குறைய வெளியிடுவதே இல்லை. ஆனாலும் அதன் டேடோனாவுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம். 2022 மார்ச் 26-ல் ஒமேகாவும் ஸ்வாட்ச்சும் சேர்ந்து மூன்ஸ்வாட்ச் என்று 11 நிறங்களில் வெளியிட்டன. விலை 260 டாலர், வரம்பு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இருந்தும் பல நாடுகளில் கடை வாசலில் விடிய விடிய வரிசை! அந்த ஆண்டிலேயே பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அடுத்த ஆண்டு பௌர்ணமிக்குப் பௌர்ணமி சிறு மாற்றத்துடன் ஒரு வகை வந்தது. ஸ்வாட்ச்சின் 1983-ம் ஆண்டுப் பாடமும் ஒமேகாவின் 1969-ம் ஆண்டுக் கதையும் ஒரே பெட்டியில் வந்து சேர்ந்துவிட்டன.

நாணயம்

தமிழில் "நாணயம்" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று காசு, மற்றது வாக்குத் தவறாமை. ஒரு அரசு காசை அளவில்லாமல் அடித்தால் என்ன ஆகும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு காசிலும் போட்ட முத்திரை நிஜம்தான், ஆனாலும் வாங்கும் சக்தி குறைந்துவிடும். லிமிடெட் எடிஷனும் ஒரு வகைக் காசு. கடிகாரக் கம்பெனிகள் அதில் அடித்துக் கொடுப்பது உலோகத்தை விடத் தங்கள் வாக்கைத்தான்.

எனவே, எப்போதாவது ஒரு நாள் சம்பாதித்து இப்படியொரு கடிகாரம் வாங்கப் போகிறவர்கள், பின்பக்கம் எழுதியிருக்கும் எண்ணைப் பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். அந்த நிறுவனம் அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் எத்தனை பதிப்பு வெளியிட்டது என்றும் எண்ணிப் பாருங்கள். கடிகாரம் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். அரிய பொருள், நாளைக்கு விலை ஏறும் என்ற கணக்கில் வாங்குவதாக இருந்தால், 33,920 என்ற எண்ணை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.