பாகலூர் ரோட்டு பிரவுசிங் சென்டர்



போன வாரம் ஓசூர் பாகலூர் ரோட்டில் நடந்து போனேன். பழைய பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் இப்போது மொபைல் ரிப்பேர் கடை. 2007-ல் அங்கேதான் என் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை நாலு பேர் பார்க்க அறைந்தேன். அப்பா, அம்மா இருவரும் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. டிபனுக்குக் கொடுத்த காசையெல்லாம் அவன் விளையாட்டில் விட்டுக்கொண்டிருந்தான்.

‘ஏ3’ என்ற கொரிய விளையாட்டு அது. அதை இந்தியாவில் நடத்தியது சென்னைக் கம்பெனியான சிஃபி என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது. தனியாருக்குக் கதவு திறந்தது 1998-ல்தான். முதலில் நுழைந்தது சத்யம் இன்ஃபோவே, அதாவது பிற்கால சிஃபி. 1999 அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. அடுத்த மாதமே இந்தியாவேர்ல்டு இணையதளங்களை 499 கோடிக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. (என் சம்பளத்தோடு ஒப்பிட்டு அன்று சிரித்தேன்.) பிறகு ஊர் ஊராக ‘ஐவே’ சென்டர்கள் வந்தன. மெயில் பார்க்க வருபவன் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவான். விளையாட வருபவன் எழவே மாட்டான். விளையாட்டு நல்ல வியாபாரம்தானே!

இந்த வியாபாரத்தில் விளையாட்டைச் செய்பவர் ஒருவர், ஒவ்வொரு நாட்டிலும் உரிமம் வாங்கி நடத்துபவர் வேறொருவர். பையன் இரண்டு வருடம் வளர்த்த வீரனும் வாளும் அவன் கம்ப்யூட்டரில் இருக்காது, நடத்துபவரின் சர்வரில் இருக்கும். ஜப்பானில் கங்ஹோ கம்பெனி 2002-ல் தொடங்கிய ராக்னராக் ஆன்லைன் இருபது வருடம் தாண்டியும் ஓடுகிறது. அதுவும் கொரிய விளையாட்டுதான். இந்தியாவுக்கும் வந்தது, நிலைக்கவில்லை. அங்கே வீட்டுக்கு வீடு வேகமான இணைப்பு. இங்கே 2004-ல் அரசு பிராட்பேண்ட் என்று வரையறுத்ததே 256 கேபிபிஎஸ்தான். ஆடுபவர்களில் பலர் சென்டரை நம்பிய பள்ளிப் பிள்ளைகள், அவர்களிடம் ஏது காசு? ஏ3-யும் மூடப்பட்டது. சிஃபி இன்று டேட்டா சென்டர் நடத்துகிறது. ஐவே பெயரே பலருக்கு நினைவில்லை. 2016-ல் ஜியோ வந்தபின் மிச்சமிருந்த சென்டர்களிலும் பல போயின.

அறைந்ததோடு பையன் திருந்திவிட்டான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சில வருடம் கழித்து ராமநாயக்கன் ஏரிக்கரையில் பார்த்தபோது, “டீச்சர், கேமை மூடிட்டாங்க. என் கேரக்டர், பிரெண்ட்ஸ் லிஸ்ட் எல்லாம் போச்சு” என்றான். கண் கலங்கியிருந்தது. அந்த லிஸ்டில் டெல்லிப் பையன்கூட இருந்தானாம். எங்கள் வகுப்பில் யாரோடும் பேசாத பிள்ளை அவன். வீட்டில் தெலுங்கு. தமிழில் தடுமாறினால் மற்றவர்கள் கேலி செய்வார்கள், நான் கண்டும் காணாமல் விட்டிருக்கிறேன்.

“நல்லதாப் போச்சு, இனியாவது படி” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

2007 செட் பிள்ளைகளே, யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பெயரை இங்கே போட வேண்டாம். அவனிடம் என் நம்பரைக் கொடுங்கள். டீச்சர் பேசணும்னு சொன்னாங்க என்று மட்டும் சொல்லுங்கள்.