கருப்பைக் கழுத்தைக் காக்கும் நுண்ணுயிர்கள்: வெட்கத்தால் நாம் கேட்காமல் விடுபவை

எனக்கு 35 வயதானதும் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து, "சுகவனிதையர் கிளினிக்குக்கு ஒருக்கா வாங்கோ" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். நான் போகவில்லை. அந்நாட்களில் எனக்கு வெள்ளைபடுதலும் மீன் வாடை போன்ற மணமும் இருந்தன. சுத்தம் போதவில்லை என்று நினைத்து, பாமசியில் வாசனைத் திரவம் வாங்கி நாள்தோறும் உள்ளே கழுவினேன். மணம் கூடியதே தவிரக் குறையவில்லை. மூன்றாவது தடவை அவர் வந்தபோதுதான் வாய் திறந்தேன்.

"தங்கச்சி, நீங்கள் கழுவக் கழுவ உங்களைக் காக்கிற கிருமியும் சேர்ந்தெல்லோ போகுது" என்றார்.

காக்கிற கிருமியா? அதன் பிறகுதான் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

1892இல் ஜேர்மன் வைத்தியர் அல்பேர்ட் டோடர்லைன், யோனியில் இயல்பாக வாழும் பற்றீரியாக்களை விபரித்தார். இன்று அவற்றை லக்டோபசிலஸ் என்கிறோம். ஈஸ்ட்ரஜன் ஹோர்மோனின் தூண்டுதலால் யோனிச் சுவரின் கலங்களில் கிளைக்கோஜன் சேர்கிறது. அதிலிருந்து வரும் சர்க்கரையை இந்தப் பற்றீரியாக்கள் லக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. இதனால் யோனியின் அமிலத்தன்மை பெரும்பாலும் பிஎச் 3.8 முதல் 4.5 வரை இருக்கும். தீங்கு செய்யும் பல கிருமிகள் அந்தப் புளிப்பில் பெருக முடியாது.

எல்லாப் பெண்களுக்கும் இந்தக் கூட்டம் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவில் நோய் அறிகுறி எதுவுமில்லாத 396 பெண்களிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்வு, ஐந்து வகைக் கூட்டங்களை அடையாளம் கண்டது. நான்கில் லக்டோபசிலஸ் மேலோங்கியிருந்தது. ஐந்தாவதில் அது குறைவு. வேறு பல பற்றீரியாக்கள் கலந்திருந்தன.

லக்டோபசிலஸ் குறைந்து கார்ட்னரெல்லா போன்றவை பெருகும்போது வருவதுதான் பற்றீரியல் வஜினோசிஸ். எனக்கு இருந்ததும் அதுதான். வைத்தியர் தந்த மருந்தில் அது குணமானது.

இதற்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு? கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே எச்பிவி என்ற வைரஸின் நீடித்த தொற்றால் வருகிறது. இதைக் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. எச்பிவி தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு இரண்டு வருடங்களுக்குள் உடலே அதை நீக்கிவிடும். நீங்காமல் தங்குவதுதான் ஆபத்து. லக்டோபசிலஸ் குறைந்த பெண்களிடம் எச்பிவி தொற்றும், அது நீடிப்பதும், கழுத்துக் கலங்களின் மாற்றங்களும் கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. எது காரணம், எது விளைவு என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆகவே வெள்ளைபடுதல் இருந்தால் புற்றுநோய் என்று பயப்படத் தேவையில்லை. தயிரோ புரோபயோட்டிக் குளிசையோ புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி இருந்துவிடவும் கூடாது.

செய்யக்கூடியவை தெளிவானவை. உள்ளே கழுவுவதை நிறுத்துங்கள். யோனி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். வெளிப்புறத்துக்குத் தண்ணீரே போதும். புகைத்தலைத் தவிர்க்க வேண்டும். மணம், அரிப்பு, உறவுக்குப் பின் இரத்தம், மாதவிடாய் நின்ற பின் இரத்தம் எது இருந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். இலங்கையில் 2017 முதல் ஆறாம் தரத்து மாணவிகளுக்கு எச்பிவி தடுப்பூசி இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. உங்கள் மகளுக்கு அதைத் தவறவிடாதீர்கள். 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகளில் 35, 45 வயதுப் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை இலவசம். தடுப்பூசி போட்டவர்களுக்கும் அது தேவை.

கடைசியில் நானும் போனேன். பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்தது. முடிவு வரும்வரை நித்திரை இல்லை. நல்லவேளை, பிழையாக எதுவும் இல்லை. ஆனால் இரண்டு தடவை வெட்கத்தில் கதவடியில் நின்றே அவரைத் திருப்பி அனுப்பியதை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது. கலங்களில் மாற்றம் தொடங்கியிருந்தால், என் வெட்கத்துக்காக அது காத்திருந்திருக்காது.