காந்தியின் அப்பா, ஹரிலாலின் அப்பா

பதினைந்து வயசுப் பையன். அண்ணன் இருபத்தைந்து ரூபாய் கடன் வைத்துவிட்டான். அடைக்க வழியில்லை. அண்ணன் கைக்காப்பிலிருந்து துளித் தங்கத்தை வெட்டி விற்றான் தம்பி. கடன் தீர்ந்தது, தூக்கம் போனது. நேரில் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி, தண்டனை கொடுங்கள் என்றும் கேட்டு, படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவிடம் நீட்டிவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டான்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் என்ன செய்திருப்பேன் என்பது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். விடுங்கள்.

அந்த அப்பா எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீரில் காகிதம் நனைந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். சீட்டைக் கிழித்துப் போட்டார். மறுபடி படுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை இல்லை.

பையன், மோகன்தாஸ். அப்பா, கரம்சந்த் காந்தி. ராஜ்கோட்டில் திவானாக இருந்தவர்தான், ஆனால் படிப்பு குஜராத்தி ஐந்தாம் வகுப்பைத் தாண்டாது. சரித்திரம், பூகோளம் சுத்தமாகத் தெரியாது. சொல்வது மகனேதான். ஹோம்வொர்க்கில் உதவக்கூடிய ஆசாமி இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தோடு பேச வேண்டிய நேரத்தில் பேசினார்.

ஒரு சனிக்கிழமை, மேகமூட்டத்தில் நேரம் தெரியாமல் மோகன்தாஸ் டிரில் வகுப்புக்குத் தாமதமாகப் போனான். காரணத்தை ஹெட்மாஸ்டர் கிமி நம்பவில்லை. ஓரணாவோ ரெண்டணாவோ அபராதம். காசு பெரிதில்லை, பொய்யன் என்று முத்திரை விழுந்துவிட்டதே என்று பையன் அழுதான். அப்பாவுக்குப் பணிவிடை செய்யத்தான் அவனுக்கு மாலை நேரம் வேண்டியிருந்தது. பள்ளி விட்டதும் மகன் எனக்கு வீட்டில் வேண்டும் என்று கரம்சந்த்தே ஹெட்மாஸ்டருக்குக் கடிதம் எழுதினார். டிரில்லிலிருந்து விலக்கு கிடைத்தது. மார்க் குறைந்தால் மட்டும் ஸ்கூல் வாசலில் போய் நிற்கிற நமக்கு இது கொஞ்சம் விசித்திரமான கடிதம்தான்.

கரம்சந்த் 1885-ல் இறந்துவிட்டார். மூன்று வருஷம் கழித்து, 1888-ல், மோகன்தாஸுக்கு மூத்த பையன் ஹரிலால் பிறந்தான்.

1897. டர்பன். ஹரிலாலுக்கு ஒன்பது வயசு. வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளியில் இடம் கேட்டால் சலுகையாகக் கிடைக்கும். மற்ற இந்தியக் குழந்தைகளுக்குக் கிடைக்காத சலுகை என் பிள்ளைக்கு எதற்கு என்று காந்தி மறுத்துவிட்டார். மாதம் ஏழு பவுன் சம்பளத்தில் வீட்டுக்கே ஓர் ஆங்கிலேய ஆசிரியை வந்தார். மிச்சப் பாடம் அப்பா சொல்லித்தர வேண்டும். அப்பாவுக்கோ வக்கீல் தொழில், பொதுவேலை. எழுத்தறிவைவிட ஒழுக்கம் முக்கியம் என்பது அவர் கட்சி.

தப்பான கட்சி என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆனால் ஹரிலால் சாதாரணப் பிள்ளை இல்லை. அப்பாவின் போராட்டத்தில் குதித்துப் பலமுறை ஜெயிலுக்குப் போனவர். 'சின்னக் காந்தி' என்றே பேர் வாங்கியவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: அப்பா மாதிரி லண்டனில் படிக்க வேண்டும்.

வாய்ப்பும் வந்தது. காந்தியின் நண்பர் பிரான்ஜீவன் மேத்தா, உங்கள் பிள்ளைகளில் ஒருவனை அனுப்புங்கள், செலவு என்னுடையது என்றார். என் மகன் என்பதற்காகக் கூடாது என்று காந்தி, உறவினர் சகன்லாலை அனுப்பினார். அவர் உடம்புக்கு முடியாமல் திரும்பினார். அடுத்தாவது? சொராப்ஜி அடாஜானியா. மறுபடியும் ஹரிலால் இல்லை.

நான் காமர்ஸ் படித்தவன், எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது: தியாகம் அப்பாவின் கணக்கில் வரவு, மகனின் கணக்கில் பற்று. மகனிடம் கையெழுத்து வாங்கவே இல்லை.

1911-ல் ஹரிலால் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார். அகமதாபாத்தில் மெட்ரிகுலேஷனுக்கு உட்கார்ந்தார். ஃபெயில். மறுபடி உட்கார்ந்தார். மறுபடியும் ஃபெயில்.

அதே சமயம், ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் டால்ஸ்டாய் பண்ணையில் காந்தி ஊரார் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு, போப்பையர் புத்தகத்தில் தான் கற்ற அரைகுறைத் தமிழை வைத்துக்கொண்டே தமிழ் சொல்லிக்கொடுத்தார். அடங்காத பையன் ஒருவனை ஒருநாள் ரூலரால் அடித்துவிட்டார். அடிக்கும்போது அவருக்கே உடம்பு நடுங்கியது. பையன் அழுதான், மன்னிப்புக் கேட்டான். வலியால் இல்லை, வாத்தியார் படும் வேதனையைப் பார்த்து. கரம்சந்த்தின் கண்ணீர் அன்று அந்தப் பையனுக்குக் கிடைத்தது.

'சத்திய சோதனை'யில் காந்தி எதையும் மறைக்கவில்லை. பட்டதாரிகளைப் பார்க்கும்போது தன் பிள்ளைகளுக்கு அந்தக் குறை உறுத்துகிறது என்று ஒப்புக்கொள்கிறார். ஹரிலாலின் குறைகள் தன் இளமைக்கால ஒழுங்கின்மையின் எதிரொலி என்கிறார். பள்ளிக்கு அனுப்பாதது தப்பு என்று மட்டும் ஏற்கவில்லை.

குடி, கடன், மதமாற்றம், திரும்பி வருதல் என்று ஹரிலாலின் மிச்ச வாழ்க்கை பத்திரிகைகளுக்குத் தீனியானது. 1948 ஜூன் 18 அன்று பம்பாயில் ஓர் ஆஸ்பத்திரியில் காசநோயால் இறந்தார். அப்பா சுடப்பட்டு அப்போது ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை.