பழைய மோட்டாரும் புதிய விளக்கும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள சாலை சுமார் 12 கிலோமீட்டர் நீளமுடையது. மேற்கே மலைத்தொடர் உடன்வர, மதுரைப் பக்கத்திலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியாக அது விளங்குகிறது. இரவு வேளையில் இச்சாலையில் செல்வோர்தாம் எத்தனை வகையினர்! ஆலை வேலை முடிந்து சைக்கிளில் திரும்பும் தொழிலாளர், ஆடிப்பூரத் தேரைக் காண நடந்துவரும் கிராமத்து மக்கள், சுமை வண்டிகள், பேருந்துகள், கார்கள். இவர்கள் எல்லாரும் ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டாக வேண்டும். ஒருவர் கண்ணை ஒருவர் கூசச் செய்யவும் கூடாது. இவ்விரண்டு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்ற மனிதன் செய்த முயற்சியே முகப்பு விளக்கின் வரலாறு. அதனை அறிந்துகொண்டால், பழைய காருக்குப் புதிய விளக்குப் பொருத்த விரும்புவோர் செய்யத்தக்கது எது, தகாதது எது என்பதும் தெளிவாகும்.

அக்காலத்தில் பருத்திப் பொதி ஏற்றிச் சென்ற மாட்டு வண்டிகளின் அடியில் ஒரு லாந்தர் தொங்கும். அது வழியைக் காண்பதற்காக ஏற்பட்டதன்று. வழியை மாடுகள் அறியும். பிறருக்குத் தன்னைக் காட்டிக்கொள்வதற்காக ஏற்பட்டது. முதன்முதல் தோன்றிய மோட்டார் வண்டிகளிலும் இத்தகைய எண்ணெய் விளக்குகளே இருந்தன. வேகம் பெருகவே, தொலைவைக் காணும் விளக்கு வேண்டியதாயிற்று. கார்பைடு கல்லின்மேல் தண்ணீர் சொட்டினால் அசிட்டிலீன் வாயு உண்டாகும். அதைக் கொளுத்தினால் வெண்ணிற ஒளி கிடைக்கும். காற்றிலும் மழையிலும் எளிதில் அணையாத இவ்விளக்கு பல்லாண்டுகள் மோட்டார்களில் வழங்கியது. ஆனால், இருட்டு வந்ததும் வண்டியை நிறுத்தி, இறங்கி, நீரைத் திறந்து, தீக்குச்சி கிழிக்க வேண்டும்!

1912-இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம், வண்டியைக் கிளப்புவதற்கும் விளக்கு எரிப்பதற்கும் ஒரே மின்சார அமைப்பைத் தன் கார்களில் வைத்தது. பாட்டரியும் டைனமோவும் வந்தபின் கார்பைடு விளக்கு மெல்ல மறைந்தது. நம் நாட்டிலும் இத்துறை வளர்ந்தது. 1911-இல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய போக்குவரத்து நிறுவனம், அரை நூற்றாண்டுக்குப் பின், 1961-இல், இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து சென்னையை அடுத்த பாடியில் மோட்டார் மின்கருவிகள் செய்யும் தொழிற்சாலை நிறுவும் நிலைக்கு உயர்ந்தது.

ஒளி மிகுந்ததும் புதிய தொல்லை ஒன்று எழுந்தது. எதிரே வருபவனின் கண் கூசிற்று. இதற்கு விடை கண்டது 1924-இல் ஜெர்மனியின் ஆஸ்ரம் நிறுவனம் வெளியிட்ட ‘பைலக்ஸ்’ என்னும் பல்பு. பள்ளியில் குழியாடியைப் பற்றிப் படித்தவர்களுக்கு அதன் தத்துவம் எளிதில் விளங்கும். ஆடியின் குவியத்தில் ஓர் இழையை வைத்தால், ஒளி நேராக நெடுந்தூரம் பாயும். குவியத்துக்குச் சற்று முன்னே மற்றோர் இழையை வைத்து, அதன் அடியில் ஒரு சிறு தகட்டால் மறைத்துவிட்டால், ஒளி ஆடியின் மேற்பாதியில் மட்டும் பட்டுத் தரையை நோக்கித் திரும்பும். நம் ஓட்டுநர்கள் ‘பிரைட்’ என்றும் ‘டிம்’ என்றும் வழங்குவன இவையே. ஆகவே டிம் என்பது வெறுமனே ஒளி குறைந்த விளக்கு அன்று. திசை மாற்றப்பட்ட விளக்கு. ஒரு மில்லிமீட்டர் அளவு இடம் பெயர்ந்தாலும் அத்திசை கெட்டுவிடும் என்பதை நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

1940-இல் அமெரிக்காவில் 7 அங்குல வட்ட விளக்கு எல்லாக் கார்களுக்கும் பொதுவாக்கப்பட்டது. 1958 முதல் 2014 வரை நம் நாட்டில் உற்பத்தியான அம்பாசடர் காரிலும் நெடுங்காலம் இதே அளவு வட்ட விளக்குத்தான். இந்த ஒற்றுமையே பழைய வண்டிக்காரர்களின் நற்பேறு. 1962-இல் ஐரோப்பாவில் ஆலசன் பல்பு வந்தது. சாதாரண பல்பில் டங்ஸ்டன் ஆவியாகிக் கண்ணாடியில் கருமையாய்ப் படியும். ஆலசன் வாயு அதை மீண்டும் இழைக்கே கொண்டுசேர்க்கும். 1971-இல் இரண்டு இழைகள் கொண்ட ‘எச்-4’ பல்பு தோன்றியது. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். பழைய விளக்கை எடுத்துவிட்டு, எச்-4 பல்புக்கென்றே அமைந்த ஆடியும் கண்ணாடியும் கொண்ட 7 அங்குல விளக்கைப் பொருத்துவது முறையான சீர்திருத்தமாகும்.

ஆயினும் பல்பை மாற்றுமுன் ஒயரைப் பார்க்க வேண்டும். நாற்பது ஐம்பது ஆண்டு கண்ட வண்டியில் ஒயர் துருவேறி, எர்த் இணைப்புத் தளர்ந்திருக்கும். இழை பல்பில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒளி ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறைந்துபோகும். இணைப்புகளைச் சுத்தம் செய்து, மின்சாரம் பழைய ஸ்விட்ச் வழியே செல்லாமல் ரிலே வழியாகப் பாட்டரியிலிருந்து நேரே விளக்குக்கு வரும்படி செய்தாலே, இருந்த விளக்கு புதுவிளக்குப் போல் எரியும். இதை விடுத்து 100 வாட் பல்புகளை வாங்கி மாட்டுவோர் உண்டு. இரண்டு பல்புகளுக்கு 16 ஆம்பியருக்கு மேல் வேண்டும். பழைய டைனமோக்கள் பல மொத்தத்தில் தருவதே 20 ஆம்பியர் அளவுதான். பாட்டரி வற்றும், ஒயர் சூடேறும், ஸ்விட்ச் கருகும்.

இதனினும் பெரிய கேடு இரண்டு உள. ஒன்று, இழை பல்புக்காக வகுத்த ஆடியில் எல்.இ.டி. பல்பைச் செருகுவது. இழை இருந்த இடமும் வடிவமும் ஒன்று, எல்.இ.டி. சில்லுகளின் இடமும் வடிவமும் வேறு. ஆகவே ஒளி சிதறி, எதிரே வருபவன் கண்ணில் பாய்கிறது. மற்றொன்று, வலப்புறம் செல்லும் நாடுகளுக்கெனச் செய்த விளக்கை இங்கே பொருத்துவது. அதன் டிம் ஒளி வலப்பக்கம் உயர்ந்து நிற்கும். இடப்புறம் செல்லும் நம் சாலையில் அது எதிரே வருவோரையே தாக்கும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், விளக்கின் முன் 8 மீட்டர் தொலைவில், 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யாதபடி ஒளி தாழ்ந்திருக்கவோ, தாழ்த்தக் கூடியதாகவோ இருக்க வேண்டும் என்று விதிக்கின்றன.

புதிய விளக்குப் பொருத்தியவர், சமதரையில் ஒரு சுவருக்கு எதிரே 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி டிம்மைப் போடட்டும். சுவரில் ஒளியின் மேல்விளிம்பு, விளக்கின் மைய உயரத்தைவிட ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருத்தல் நலம். கால்மணி நேர வேலைதான் இது. அதைச் செய்யாமல் விட்டால், கண் கூசிய சைக்கிள்காரன் சாலையோரத்துப் பள்ளத்தில் இறங்குவான். அவனுக்குப் பின்னால் வரும் லாரிக்காரனுக்கும் அவன் தெரியமாட்டான். நம் வண்டியின் விளக்கு நமக்கு மட்டும் உரியதன்று; எதிரே வருபவனுக்கும் அதில் பங்குண்டு. நூறாண்டுக்கு மேலாக வளர்ந்த இவ்விளக்கின் வரலாறு நமக்குப் புகட்டும் பாடம் இதுவே.