வீரமுனைப் பிள்ளையாரும் மனிதனின் அச்சமும்

அச்சமே கடவுளைப் படைத்தது என்பர். பத்திரிகைத் துறையில் கழிந்த ஆண்டுகளில் இக்கூற்றை மேடைகளில் கேட்டும் கட்டுரைகளில் படித்தும் இருக்கிறேன். அது பாதி உண்மை என்பதே என் கருத்து. மீதியை விளங்கிக்கொள்ள வீரமுனையின் வரலாறு உதவும்.

அம்பாறை மாவட்டத்தில் சம்மாந்துறையை அடுத்துள்ள தமிழ்க் கிராமம் வீரமுனை. அங்குள்ள சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலின் கதை கடலில் தொடங்குகிறது. சோழ இளவரசி சீர்பாததேவி வந்த கப்பல் திருகோணமலைக் கடலில் அசையாது நின்றது. நீரினடியில் பிள்ளையார் சிலை கிடைத்தது. கப்பல் தடையின்றிக் கரைசேரும் இடத்தில் ஆலயம் எழுப்புவதாக அவள் நேர்ந்துகொண்டாள். அவ்விடமே வீரமுனை என்பது ஐதிகம்.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் கொடியேற்றப்படுவது நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக. அவரும் கடலோடிகளின் காவலராகப் போற்றப்படுபவரே.

இதற்கு மானிடவியலில் ஒரு விளக்கம் உண்டு. முதலாம் உலகப்போர்க் காலத்தில் பசிபிக்கின் திரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மலினோவ்ஸ்கி, அம்மக்கள் அமைதியான களப்பில் மீன்பிடிக்கையில் மந்திரத்தை நாடுவதில்லை என்றும், ஆபத்து மிக்க ஆழ்கடலுக்குச் செல்கையிலேயே சடங்குகள் செய்கின்றனர் என்றும் கண்டார். மனிதத் திறன் முடியும் எல்லையில் சடங்கு தொடங்குகிறது. 1927இல் பிராய்டு, குழந்தை தந்தையிடம் தேடும் பாதுகாப்பையே மனிதன் கடவுளிடம் தேடுகிறான் என வாதிட்டார்.

ஆனால் அந்தப் பாதுகாப்புக் கிடைக்காதபோது என்ன நிகழ்கிறது?

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். ஆகஸ்ட் 12ஆம் திகதி, வீரமுனைக் கோயிலிலும் அயலிலும் தஞ்சமடைந்திருந்த தமிழர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரை ஊர்காவல் படையினர் கொன்றனர். இறைவனின் இல்லமே கொலைக்களமாயிற்று. நம்பிக்கை பாதுகாப்பை மட்டுமே சார்ந்ததாயின், அன்றோடு அது அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. பள்ளிவாசலில் தொழுகை தொடர்கிறது. கோயிலில் பூசை நடக்கிறது.

ஏன் என்பதற்கு, போர்க்காலத்தில் மட்டக்களப்பில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பட்ரீசியா லோரன்சின் பணியில் விடை கிடைக்கிறது. காணாமல் போனவர்களைப் பற்றி வெளியே வாய் திறப்பதே ஆபத்தாயிருந்த நாட்களில், தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோரிடம் சென்றனர். மகனின் பெயரை உரக்கச் சொல்லி அழ அவர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. மதம் அங்கே துயரை நீக்கவில்லை. துயருக்கு மொழியும், துணையும், செய்வதற்கு ஒரு கிரியையும் கொடுத்தது.

எல்லா நம்பிக்கையும் ஆறுதல் தருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். துன்பத்தை இறைவனின் தண்டனையாகக் கருதுவோர் மேலும் நொந்துபோகின்றனர் என்பது உளவியலாளர் கெனத் பார்கமென்ட் முதலியோரின் ஆய்வு முடிவு. 2004 சுனாமிக்குப் பின்னரும் பாவத்தின் சம்பளம் என்ற பேச்சு எல்லா மதங்களிலும் எழுந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அது இரண்டாவது அடி.

இன்னொரு குறையும் உண்டு. நம் ஆலயத்தில் நம்மவரின் துயரம் மட்டுமே பேசப்படுகிறது. காத்தான்குடியும் வீரமுனையும் ஒரே ஆகஸ்டில், ஒன்பது நாள் இடைவெளியில் அழுதன. ஆயினும் ஒருவர் மற்றவரின் இழப்பைத் தம் பிரார்த்தனையில் நினைப்பது அரிது. அந்த ஆறுதலை மதம் மட்டும் தந்துவிடாது; அண்டை அயலார்தான் தரவேண்டும்.